ஓரமாய்ப் போனவன்

உடம்பு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. உயிர்தான் இன்னும் சாலையில் நின்றுகொண்டிருந்தது.

அப்படித்தான் பூசாரி சொன்னார். சாலையில் அடிபட்டுச் சாகிறவனுக்குத் தான் செத்ததும் தெரியாது, வீட்டுக்கு வழியும் தெரியாது. விழுந்த இடத்திலேயே திகைத்து நிற்பான். சொந்த ரத்தம் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்து வர வேண்டும். அதற்காகத்தான் தைவானின் காவ்சியுங் துறைமுகத்துச் சாலையில் ஸ்கூட்டர்கள் நெரிகிற காலை நேரத்தில், ஐஸ் ஏற்றும் சின்ன டிரக் ஒன்றில் ஓர் அம்மாவும் அவள் பெற்ற இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

மூன்றாவதாகப் பெற்றவனைத்தான் கூப்பிடப் போகிறார்கள்.

கடைக்குட்டி செங்-ஹுவான், மழை பெய்த ஒரு காலையில் கன்டெய்னர் லாரியின் பின்சக்கரத்தில் சிக்கிச் செத்ததும், அந்த லாரியை ஓட்டியவன் அவனுடைய அக்கா பெய்-சென்னின் புருஷன் ஜென்-வெய்தான் என்பதும் இந்தக் குடும்பத்தை வாராவாரம் பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. சுற்றி வளைக்க அதில் ஒன்றுமில்லை. தம்பியைக் கொன்றது புருஷனின் வண்டி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். பெய்-சென்னுக்கு உச்சந்தலையிலும் சேர்த்து விழுந்தது.

லைசென்ஸைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டு ஜென்-வெய்யை வெளியே விட்டிருந்தது. கம்பெனியில் டிரைவர்கள் படுக்கும் அறையில் அவன் கிடந்தான். போன வாரம் பெரியவன் குவோ-துங் அங்கேயே போய், வாசலில் வைத்து, மைத்துனனின் மூக்கை உடைத்துவிட்டு வந்தான். அதில் அவனுக்கு ஆத்திரம் தணிந்ததா என்றால், இல்லை.

இன்றைக்குக் கிளம்பும்போது டிரக்கின் சீட்டுக்கு அடியில் அவன் ஓர் இரும்புக் குழாயைச் செருகினான். பெய்-சென் பார்த்துவிட்டாள்.

"அது எதுக்குண்ணா?"

"ஐஸ் உடைக்க."

"சாமி காரியத்துக்குப் போறோம். அங்க எங்க ஐஸு?"

"வழியில எதாவது கட்டியா நின்னா உடைக்கணும்ல?"

ஐஸ் ஆலையில் பாளம் பாளமாய்த் தூக்கிப் போடுகிற கை அவனுடையது. அந்தக் கையில் குழாய் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டதால் அவள் அதற்கு மேல் பேசவில்லை.

அம்மாவின் மடியில் போலீஸ் திருப்பிக் கொடுத்த பை இருந்தது. உள்ளே செங்-ஹுவானின் சட்டை, சிவப்பு ஹெல்மெட். கூடவே வெளிர்ப் பச்சையில் இன்னொரு சின்ன ஹெல்மெட். நசுங்கிய ஸ்கூட்டரின் கொக்கியில் அது தொங்கியதாம். யாருடையது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"இதை எதுக்கும்மா கொண்டு வர்றே?"

"அவன்கூட இருந்த பொருள். விட்டுட்டுப் போனா தேடுவான்," என்றாள் அம்மா.

பெய்-சென் அந்தப் பச்சை ஹெல்மெட்டைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு நீளமான முடி ஒட்டியிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. இந்த வீட்டில் இப்போது எதைச் சொன்னாலும் பற்றிக்கொண்டது.

டிரக் நகர்ந்தது. அம்மா தானாகவே பேச ஆரம்பித்தாள். பிள்ளை போன நாளிலிருந்து அவள் பேசுவது இந்த ஒன்றைத்தான்.

"எம் புள்ள ஓரமாத்தான் போயிருப்பான். ஸ்கூட்டர் சாவியக் கையில குடுத்த அன்னிக்கே சொன்னேன். பெரிய வண்டிக்கு வழிய விட்டுட்டு நீ ஓரமாப் போடான்னு. அன்னிக்குக் காலையிலயும் கஞ்சிக் கிண்ணத்த வாங்கி வச்சுட்டு சொன்னேன். மழை பெய்யுது, ஓரமாப் போடான்னு. 'சரிம்மா'ன்னான். அவன் எம் பேச்சத் தட்டமாட்டான்."

"தட்டமாட்டான்," என்றான் குவோ-துங். "அதைத்தான் நானும் சொல்றேன். ஓரமாப் போறவன் மேல லாரி எப்படி ஏறும்? ஏத்தினாத்தான் ஏறும்."

"அண்ணா!"

"என்ன அண்ணா? நிலாத் திருவிழா அன்னிக்கு அவன் சொன்னத நீ கேக்கல? நான் கேட்டேன், அம்மா கேட்டாங்க, தெருவே கேட்டுச்சு."

கேட்டதுதான். மறுக்க முடியாது. திருவிழா ராத்திரி எல்லோரும் வாசலில் அடுப்பைப் போட்டு இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது, ஜென்-வெய் தன் மைத்துனனை அத்தனை பேர் முன்னிலையில் கன்னத்தில் அறைந்தான். "இன்னொரு தடவ என் சக்கரத்தோரமா வந்தே, நசுக்கிட்டுப் போய்ட்டே இருப்பேன்" என்றான்.

ஏன் அறைந்தான் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கொட்டிய வார்த்தையை அள்ள முடியாது என்பது சும்மாவா?

காரணத்தை ஞாபகம் வைத்திருந்தவள் பெய்-சென் ஒருத்திதான். தம்பிக்கு ஒரு பழக்கம். சாலையில் அத்தானின் லாரியைக் கண்டால் போதும், ஓரமாகப் புகுந்து பக்கத்தில் வந்து 'பீப் பீப்' என்று இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். அத்தான் பதிலுக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு. ஜென்-வெய்க்கு அதில் உயிர் போய் உயிர் வரும்.

அறைந்த பிறகு அவனை உட்கார வைத்து, இறைச்சிப் பெட்டியை லாரியாகவும் ஒரு குடைமிளகாயை ஸ்கூட்டராகவும் நகர்த்திக் காட்டினான். "தலை சாலையோட போகும்டா. வால் ஓரத்தத் தின்னுட்டு வரும். திரும்பறப்ப எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியாது. ஒண்ணு, முன்னாடி வந்து நில்லு, உன் ஹெல்மெட் என் கண்ணுல படணும். இல்ல, பின்னாடி நில்லு. லேனுக்கு நடுவுல போ. நடுவுல போறவன நாலு பேரு திட்டுவான். திட்டினாப் பாத்துட்டான்னு அர்த்தம். ஓரத்துல போறவன எவனும் திட்டமாட்டான், ஏன்னா எவனும் பாக்கவே மாட்டான்."

அதன்பின் தம்பி நடுவில்தான் போனான். சிக்னலில் லாரிக்கு முன்னால் ஸ்கூட்டர்களுக்கென்று போட்ட கட்டத்துக்குள் நின்று, திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அங்கிருந்தே இரண்டு தடவை ஹாரன் அடிப்பான்.

அன்றைக்கு மழையிலும் ஹாரன் கேட்டது. முன்னாலிருந்துதான் என்று ஜென்-வெய் நினைத்தான். பதிலுக்கு ஒரு தடவை அடித்தான், வண்டியைத் திருப்பினான். மனைவியிடம் மட்டும் இதைச் சொல்லித் தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். "முன்னாடி நிக்கிறவன் அன்னிக்கு மட்டும் ஏன் ஓரத்துக்குப் போனான், பெய்-சென்?"

அவளுக்கு ஒரு பதில் தெரியும். அம்மா சொன்னதால் போனான். மழை பெய்யுது, ஓரமாப் போடா.

அதைச் சொன்னால் புருஷன் தப்பிப்பான், அம்மா செத்துவிடுவாள். சொல்லாவிட்டால் அண்ணன் புருஷனைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போவான். சந்திக் கேமராவோ லாரியின் உடம்பை மட்டும் காட்டிவிட்டு ஓரத்தை மறைத்துவிட்டது. பெய்-சென் வாயில் நெருப்பை வைத்துக்கொண்டு மூன்று வேளையும் கஞ்சி குடித்தாள்.

சந்தியில் பூசாரி தன் ஸ்கூட்டரோடு முன்பே வந்து காத்திருந்தார். போலீஸ் சாக்பீஸால் கோடு போட்ட இடத்தருகே, நடைபாதையை ஒட்டி, மடக்கு மேஜை போட்டு ஊதுபத்தி ஏற்றியாகிவிட்டது. பச்சை மூங்கில் கொம்பில் செங்-ஹுவானின் பெயர் எழுதிய வெள்ளைக் கொடி தொங்கியது. வண்டிகள் வலப்பக்கமாய் ஓடுகிற ஊர்; வலது ஓரம் முழுக்க ஸ்கூட்டர்கள் உறுமிக்கொண்டு போயின. கொடியைக் கண்டதும் சிலர் வேகத்தைக் குறைத்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முறுக்கினார்கள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. மனசாரக் கூப்பிடணும்," என்றார் பூசாரி.

"ஆ-ஹுவான்! வாடா! வீட்டுக்கு வாடா!" அம்மா அவன் செல்லப் பெயரைச் சொல்லிக் கத்தினாள். லாரிகளின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்டிருக்காது.

பூசாரி இரண்டு காசுகளைத் தரையில் போட்டார். ஒன்று தலையும் ஒன்று எண்ணுமாய் விழுந்தால் வருகிறேன் என்று அர்த்தம். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் இல்லை.

இரண்டும் எண்.

"அம்மா மேல கோவமாடா? குளிருதா? பசிக்குதா?"

மறுபடி போட்டார், மறுபடியும் போட்டார். காசு மசியவில்லை. பூசாரியின் நெற்றியில் வேர்த்தது. "புள்ள இங்க இல்ல போலிருக்கே," என்று முணுமுணுத்தார்.

"இருக்கான்," என்றான் குவோ-துங். "கொன்னவன் தலையக் கொண்டா, அப்புறம் வர்றேங்கறான். எனக்குப் புரியுது, உங்களுக்குத்தான் புரியல."

அந்த நேரத்தில் எதிர்ப்புறச் சிக்னலைக் கடந்து ஓர் ஆள் நொண்டிக்கொண்டு வந்தான். மூக்கில் பிளாஸ்திரி. அழுக்கான டிரைவர் சட்டை. பெய்-சென் அடையாளம் கண்டுகொண்டாள். வராதே, வராதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டாளே, கேட்டானா பாவி!

ஜென்-வெய் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாக்பீஸ் கோட்டைப் பார்த்தான். மெதுவாகச் சொன்னான்:

"இந்த இடம் இல்லம்மா."

பூசாரி காசுகளை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இங்க உடம்புதான் கெடந்துச்சு. சக்கரம் இழுத்துட்டு வந்துருச்சு. அவன் நின்னது அங்க." திருப்பத்தின் முனையில், சிமெண்டுக் கட்டை வளைகிற இடத்தைக் கைகாட்டினான். "அங்கேருந்து கூப்பிடுங்க."

"எந்த இடத்துல கொன்னேன்னு நீயே வந்து காட்டறியா?" என்றான் குவோ-துங்.

"அண்ணா, வேணாம்—"

குவோ-துங் மேஜையில் சட்டையோடு வைத்திருந்த சிவப்பு ஹெல்மெட்டை எடுத்தான். நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு, ஓங்கி, ஜென்-வெய்யின் தலையில் அடித்தான்.

செத்தவனின் ஹெல்மெட். அந்தச் சத்தம் உயிர் உள்ள வரைக்கும் பெய்-சென்னுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜென்-வெய் மேஜை மேல் விழுந்தான். ஊதுபத்திச் சாம்பல் சிதறியது. குவோ-துங் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி இன்னொன்று போட்டான். மூக்கின் பழைய காயத்திலிருந்து புது ரத்தம் கொட்டி மோவாயில் வழிந்தது.

"இதுல உன் தலைய வச்சுப் பாரு! தாங்குதா? ஓரமாப் போற புள்ளைக்குத் தாங்கிச்சா?"

ஜென்-வெய் கையைத் தூக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அதுதான் குவோ-துங்குக்குப் பொறுக்கவில்லை. அடி வாங்குகிறவன் ஒரு வார்த்தையாவது திட்டினால் அடிக்கிறவனுக்கு ஆறும். இவன் அடிக்கு ஏங்கி வந்தவன்போல நின்றான்.

"அடிடா! திருப்பி அடிடா, நாயே!"

வயிற்றில் முட்டி. ஜென்-வெய் மண்டியிட்டுக் காலையில் குடித்த தண்ணீரை வாந்தியெடுத்தான். அதில் ரத்தமும் வந்தது. சிக்னலில் நின்ற ஸ்கூட்டர்காரர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒருத்தன்கூட இறங்கி வரவில்லை.

பெய்-சென் அண்ணனின் முதுகில் தொற்றிக்கொண்டாள். கழுத்தை நெரித்தாள், காதைக் கடித்தாள். அவன் ஒரு உதறு உதறினான். அவள் போய்த் தார் ரோட்டில் விழுந்தாள். முழங்கைத் தோல் வழன்றுகொண்டு போனது.

அவள் எழுவதற்குள் அவன் டிரக்கிலிருந்து குழாயை எடுத்து வந்துவிட்டான்.

"அம்மா! நிறுத்தச் சொல்லும்மா! கொன்னுடுவான்!"

அம்மா மூங்கில் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறுத்தச் சொல்லவில்லை. அதை எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒரு நிமிஷம் பழியை விரும்பினாள்.

குழாய் ஜென்-வெய்யின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவன் தவழ்ந்தான். எதற்கோ பிடிவாதமாக, திருப்பத்து முனையைப் பார்த்தே தவழ்ந்தான். குவோ-துங் அவனைத் தாண்டிப் போய் முன்னால் மறித்துக்கொண்டு நின்றான். நடைபாதையை விட்டு இறங்கி, சாலையின் விளிம்பில், சிமெண்டுக் கட்டை வளைகிற இடத்தில்.

ஜென்-வெய் காட்டிய அதே இடம்.

"இங்கதானே? இங்கதானே ஏத்தினே? இங்கயே உன்னை முடிக்கறேன்."

குழாய் ஓங்கியது. அவன் முதுகுக்குப் பின்னால் பச்சை விளக்கு விழுந்தது. நீலக் கன்டெய்னரைச் சுமந்த ஒரு லாரி வலது பக்கம் திரும்பத் தொடங்கியது.

குவோ-துங் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். லாரியின் தலை அவனை விட்டு எவ்வளவோ தள்ளி, சாலையின் நடுவிலேயே போயிற்று. டிரைவர் முகம்கூடத் தெரியவில்லை. ஓரத்தில்தானே நிற்கிறோம் என்று அவன் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவனும் அப்படித்தான் நினைப்பான். பெரிய வண்டி நடுவில், நாம் ஓரத்தில், பிறகென்ன பயம்?

ஜென்-வெய்யின் கண் லாரியின் தலையைப் பார்க்கவில்லை, வாலைப் பார்த்தது.

முறிந்த தோளோடு அவன் தரையிலிருந்து பாய்ந்தான். பெய்-சென் அலறினாள். கடைசியில் திருப்பி அடித்துவிட்டான் என்றுதான் அவளும் நினைத்தாள். குவோ-துங்கின் குழாய் அவன் முதுகில் விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டு, தலையால் அண்ணனின் வயிற்றில் முட்டி, நல்ல கையால் பெல்ட்டைப் பற்றி, அப்படியே நடைபாதை மேல் சரித்தான். இரண்டு பேரும் மேஜைப் பக்கமாக உருண்டார்கள்.

பின்சக்கரங்கள் வந்தன. ஓரத்தைத் தின்றுகொண்டு வந்தன. குவோ-துங் நின்ற இடத்தைத் தாண்டி, சிமெண்டுக் கட்டை மேலேயே ஒரு சாண் ஏறி இறங்கின. அங்கே அவன் கையிலிருந்து கழன்று கிடந்த சிவப்பு ஹெல்மெட் முதல் சக்கரத்தில் வெடித்தது. இரண்டாவது சக்கரம் வரும்போது வெடிப்பதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

லாரி திரும்பிப் போய்விட்டது. டிரைவருக்கு ஒன்றுமே தெரியாது. கண்ணாடியில் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

குவோ-துங் படுத்தபடியே தன் கால்களைத் தொட்டுப் பார்த்தான். இரண்டும் இருந்தன. சாலை விளிம்பில் சப்பையாகக் கிடந்த சிவப்பைப் பார்த்தான்.

"ஓரத்துலதானே நின்னேன்," என்றான். "நான் ஓரத்துலதானே நின்னேன்!"

அந்த வார்த்தை அம்மாவின் காதில் விழுந்தது.

பெய்-சென் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனது. சக்கரம் வந்து சொல்லிவிட்டது. அம்மாவின் கையிலிருந்த மூங்கில் சாய்ந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றாள் அம்மா. "ஓரமாப் போடான்னு நான்தான் சொன்னேன். ஐயோ, நானே சொல்லி அனுப்பினேனே!"

தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும், மாறி மாறி, மீன் வெட்டிக் காய்த்துப் போன அந்தக் கைகளால். பெய்-சென் பிடித்தால் அவளையும் அடித்தாள். தலைமுடி பிய்ந்து வந்தது. பிடிக்க முடியவில்லை.

பிடித்தது ஜென்-வெய்தான். ரத்தம் ஒழுக நடைபாதையில் தவழ்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"நீங்க இல்லம்மா. நான்தான் திருப்பினேன். ஹாரன் கேட்டுச்சு. எங்கேருந்துன்னு பாக்காமத் திருப்பினேன். என்னை அடிங்கம்மா."

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே அவன் தலையில் இறங்கி, அங்கேயே தங்கியது. அவன் முடியில் இருந்த ஊதுபத்திச் சாம்பலை அவள் விரல் தட்டிவிட்டது. ஏன் தட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தட்டிவிட்ட கை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே குனிந்தாள். கொடியை எடுத்துக்கொண்டு திருப்பத்து முனைக்குப் போனாள். குவோ-துங் ஓடி வந்து சாலைப் பக்கம் மறித்து நின்றான். இந்தத் தடவை வருகிற வண்டிகளைப் பார்த்து நின்றான்.

"காசப் போடுங்க," என்றாள் பூசாரியிடம். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மாக்குத் தெரியாமப் போச்சுடா கண்ணு. தெரியாமச் சொல்லிட்டேன். உன் அத்தான் வந்திருக்காரு. அவரு கையப் புடிச்சுட்டு வர்றியா?"

காசுகள் உருண்டு, சுழன்று, படுத்தன.

ஒன்று தலை. ஒன்று எண்.

குவோ-துங் கட்டை மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பாளம் பாளமாய் ஐஸ் தூக்குகிற தோள் குலுங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும், தோள் தொங்குது," என்றாள் பெய்-சென் புருஷனிடம்.

"அவன வீட்ல விட்டுட்டுப் போறேன்."

"செத்துடுவே."

"மாட்டேன். இப்ப மாட்டேன்."

பூசாரி கொடியை ஜென்-வெய்யின் நல்ல கையில் கொடுத்தார். "வழி தெரியாத உயிரு. ஒவ்வொரு பாலத்துலயும், ஒவ்வொரு திருப்பத்துலயும் சொல்லணும். ஒண்ணுகூடச் சொல்லாம விடக்கூடாது, விட்டா அங்கயே நின்னுடும். இன்னொண்ணு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் பின்னாடி திரும்பிப் பாக்கக் கூடாது."

டிரக்கின் திறந்த பின்பக்கத்தில் ஜென்-வெய்யும் பெய்-சென்னும் முன்னோக்கி உட்கார்ந்தார்கள். கொடி அவன் மார்பில் சாய்ந்திருந்தது. பச்சை ஹெல்மெட் அவள் மடியில். அம்மா முன்னால். குவோ-துங் வண்டியை எடுத்தான். சாலைக்குள் வந்து, லேனுக்கு நடுவில் நிறுத்தினான். பின்னால் வந்த கார்க்காரன் திட்டினான். திட்டட்டும்.

வீட்டுக்குப் போக முதல் திருப்பம் இதுதான். இதே முனை. இதே வலது பக்கம்.

பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. குவோ-துங் காத்திருந்தான். ஜென்-வெய் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. பெய்-சென் அவன் தொடையில் கை வைத்தாள். பின்னாலிருந்த ஹாரன்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தின.

அம்மா திரும்பாமலே, தன் முதுகுக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

"சொல்லுங்க மாப்பிள்ள. நீங்க சொன்னாத்தான் அவனுக்குத் தெரியும்."

ஜென்-வெய் உடைந்த மூக்கோடு மூச்சை இழுத்தான்.

"ஆ-ஹுவான்," என்றான். "அத்தான் வலது பக்கம் திரும்பறேன்டா. வலது பக்கம். நடுவுல வா. பாத்து வா."

குவோ-துங் நத்தை வேகத்தில் திருப்பினான். சிமெண்டுக் கட்டை மெல்ல மெல்லக் கடந்து போனது. நசுங்கிய சிவப்பு கடந்து போனது. ஜென்-வெய் திருப்பம் முடிகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு அழுதான். தம்பி வருகிறான், வந்துவிட்டான் என்று பெய்-சென் நம்பினாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது.

இரண்டு தடவை.

ஜென்-வெய்யின் உடம்பு விறைத்தது. பெய்-சென்னின் கழுத்து தானாகவே திரும்பப் போனது. "திரும்பாதே!" என்று ஜன்னல் வழியாக அம்மா கத்தினாள். "யாரும் திரும்பாதீங்க!"

ஓட்டுகிறவன் மட்டும் கண்ணாடியைப் பார்க்கலாம். பார்த்துத்தான் ஆக வேண்டும். குவோ-துங் பார்த்தான். பார்த்த பார்வையை எடுக்கவில்லை. வண்டி தானாக வேகம் குறைந்தது.

"யாருண்ணா?" என்றாள் பெய்-சென். "யாரு வர்றது?"

"ஒரு பொண்ணு, நீள முடி," என்றான் அவன். "முழங்கையில கட்டுப் போட்டிருக்கு. அழுதுட்டே வருது. லேனுக்கு நட்ட நடுவுல வருது."

அவன் மறுபடி கண்ணாடியைப் பார்த்தான்.

"தலையில ஹெல்மெட் இல்ல."

அன்றைக்குத் தம்பி தனியாகப் போகவில்லையா? பெய்-சென் மடியிலிருந்த பச்சை ஹெல்மெட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.